கண்ணில் பழுதில்லை, கண்ணெதிரே இருப்பது மட்டும் பிடிபடவில்லை

கொழிஞ்சாம்பாறைப் பக்கத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருந்தார். அவருடைய தாய்மாமாவுக்கு 61 வயது, தென்னந்தோப்பு வேலை. சில மாதங்களாகத் தூக்கத்துக்கு மாத்திரை போடுகிறார். சாயங்காலம் கள்ளுக்கடைக்கும் போய்வருகிறார். போன வாரம் இருட்டுகிற நேரத்தில், தேங்காய் உரிக்கிற பாரையின் எதிரில் நின்றுகொண்டு, "இதென்னடா இது, இங்க நட்டு வெச்சிருக்கீங்க?" என்று கேட்டிருக்கிறார். மறுநாள் காலை அதே பாரையில் எப்போதும் போல உரித்துப் போட்டிருக்கிறார். பொள்ளாச்சியில் கண்ணைக் காட்டினார்கள். பார்வை 6/6, கண் நரம்பும் சரியாக இருக்கிறது என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். "கண் நல்லா இருக்குன்னா பொருள் ஏன் தெரியலைங்க? மாத்திரை இப்படியும் பண்ணுமா? மாமா டிவிஎஸ் ஓட்டலாமா?" இதுதான் கேள்வி.

மாத்திரை இப்படிப் பண்ணும். மாத்திரையும் கள்ளும் சேர்ந்தால் இன்னும் நன்றாகவே பண்ணும். கண் டாக்டர் சொன்னதும் சரிதான், அவர் பார்த்தது கண்ணை. பொருளை அடையாளம் காணும் வேலை கண்ணுக்குப் பின்னால், மூளையில் நடக்கிறது. கண்ணாடியை மாற்றி இதைச் சரிசெய்ய முடியாது. நான் மருந்தியல் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவன், பாலக்காட்டுச் சித்தூர் தாலுகாக்காரன், உங்கள் மாமா போகிற கடைகளின் வழியாகத்தான் எனக்கும் பஸ். எனக்குத் தெரிந்ததைச் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

முதலில், "தெரியவில்லை" என்ற ஒரே புகாருக்குள் வேறு வேறு கோளாறுகள் ஒளிந்திருக்கின்றன. வரப்பில் ஒரு நார்க்கயிறு கிடக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதைப் பாம்பு என்று நினைத்துத் துள்ளினால் அது திரிபுக்காட்சி, பொருள் இருக்கிறது, மூளை அதற்குத் தவறான ஆளைப் பொருத்திவிட்டது. கயிறே இல்லாத வெறும் வரப்பில் பாம்பு ஊர்ந்தால் அது மாயக்காட்சி. "நீளமா, பழுப்பா, முறுக்கு முறுக்கா ஏதோ கிடக்குது" என்று சரியாகச் சொல்லிவிட்டு, அது என்ன என்பது மட்டும் பிடிபடாமல் விழித்தால், அது மூன்றாவது வகை. கயிறு என்று தெரிகிறது, கட்டுவதற்கு என்று கையால் காட்டவும் செய்கிறார், ஆனால் பெயர் வாயில் வரவில்லை என்றால் அது பார்வைக் கோளாறே இல்லை, சொல் தேடுகிற கோளாறு. வலிப்புக்கும் ஒற்றைத் தலைவலிக்கும் கொடுக்கும் டோபிரமேட் இதற்குப் பேர் போனது. நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் மாமாவுடையது மூன்றாவது வகை போலத் தோன்றுகிறது. உறுதியாகச் சொல்ல இன்னும் சில விஷயம் தெரியவேண்டும், அதைப் பின்னால் சொல்கிறேன்.

இந்த மூன்றாவது வகையை 1890-லேயே லிசாவர் என்ற ஜெர்மன் மருத்துவர் இரண்டாகப் பிரித்துவிட்டார். சிலருக்குக் கோடும் வளைவும் தனித்தனியாகத் தெரியும், அவற்றைச் சேர்த்து ஓர் உருவமாக்க வராது. இன்னும் சிலர் உருவத்தைப் பார்த்து அப்படியே வரைந்தும் காட்டுவார்கள், ஆனால் தான் வரைந்தது என்ன என்று அவர்களுக்கே தெரியாது. இன்றைக்கும் நரம்பியல் வகுப்பில் இந்தப் பிரிவில்தான் பாடம் தொடங்குகிறது.

மூளையின் பின்பக்கத்தில் பார்வைத் தகவல் வந்து சேரும் பகுதியிலிருந்து இரண்டு பாதைகள் கிளம்புகின்றன. ஒன்று காதுப்பக்கமாகக் கீழே போகிறது, அது "இது என்ன" என்று பார்க்கும். மற்றது மேலே உச்சிப்பக்கம் போகிறது, அது "எங்கே இருக்கிறது, எப்படிக் கை நீட்டுவது" என்று பார்க்கும். 1982-ல் அங்கர்லைடரும் மிஷ்கினும் குரங்குகளை வைத்து இதை எழுதினார்கள். 1988-ல் இத்தாலியில் ஒரு பெண்மணிக்குக் குளியலறை வெந்நீர்க் கருவியிலிருந்து கசிந்த கார்பன் மோனாக்சைடால் முதல் பாதை சேதமானது. குட்டேலும் மில்னரும் அவரைப் பல வருடம் சோதித்தார்கள். எதிரில் நிறுத்திய தட்டில் உள்ள ஒரு நீளத் துளை நெட்டையாக இருக்கிறதா படுக்கையாக இருக்கிறதா என்று கேட்டால் அவரால் சொல்ல முடியவில்லை. "இந்த அட்டையை அதில் போடுங்கள்" என்றால் அட்டையைச் சரியான கோணத்தில் திருப்பிச் சட்டென்று போட்டுவிட்டார். என்னவென்று தெரியாத பொருளைக் கை மட்டும் சரியாகப் பிடிக்கும் என்பது இதனால்தான். உங்கள் மாமாவும் அன்றைக்குப் பாரை எதிரில் நின்றாரே தவிர அதில் இடித்துக்கொள்ளவில்லை என்று எழுதியிருந்தீர்கள், கவனித்தீர்களா?

இதுவரை சொன்னது தகவல் முன்னே போகும் கதை. கண்ணிலிருந்து கிளம்பிய செய்தி ஒரு நொடியில் ஏழில் ஒரு பங்கு நேரத்துக்குள் "இது விலங்கு, இது விலங்கில்லை" என்று பிரிக்கிற அளவுக்கு மூளைக்குள் போய்விடுகிறது. நல்ல வெளிச்சம், முழுப் பொருள், பழகிய கோணம் என்றால் இது போதும். வெளிச்சம் குறைவு, பாதி மறைந்திருக்கிறது, நிழல் கலந்திருக்கிறது என்றால் போதாது. அப்போது மேல்படியில் இருக்கும், அதாவது செய்தி பிந்திப் போய்ச் சேரும் பகுதிகள் "இது பாரையாக இருக்கலாம், எதற்கும் அந்தக் கூர்முனையை மறுபடி பார்" என்று கீழே திருப்பிச் சொல்லவேண்டும். இப்படி மேலும் கீழும் பலமுறை போய்வந்த பிறகுதான் பொருள் நிலைக்கிறது. மனதைப் பாதிக்கும் மருந்துகளில் பெரும்பாலானவை கண்ணைத் தொடுவதில்லை, இந்தப் போக்குவரத்தில்தான் கைவைக்கின்றன. ஒவ்வொரு மருந்தும் வேறு வேறு இடத்தில்.

இதை மிக அழகாகக் காட்டியது கெட்டமைன் ஆராய்ச்சி. 1962-ல் உருவான மயக்க மருந்து இது. சின்ன அரசு ஆஸ்பத்திரிகளிலும் இதை வைத்திருப்பார்கள், ஏனென்றால் மூச்சையும் ரத்த அழுத்தத்தையும் அவ்வளவாகக் குறைக்காது. கட்டி கீற, எலும்பு இழுத்துக் கட்ட, இது ஒன்று போதும். ஊசி போட்டவர் கண்ணைத் திறந்தே வைத்திருப்பார். விழி லேசாக ஆடிக்கொண்டிருக்கும். எதிரில் நிற்கும் மனைவியை நேராகப் பார்ப்பார், ஆனால் ஆள் யாரென்று பிடிபட்ட அறிகுறி முகத்தில் இருக்காது. வெளியே நிற்கும் உறவினர்கள் இதைப் பார்த்துவிட்டுத்தான் அழ ஆரம்பிப்பார்கள்.

2016-ல் ஆம்ஸ்டர்டாம் ஆராய்ச்சியாளர்கள் கெட்டமைனைக் குறைந்த அளவில் கொடுத்து, மூளையை ஸ்கேன் செய்தபடி ஒரு சோதனை நடத்தினார்கள். அதற்குப் பயன்பட்டவை மூனி படங்கள். கனடாவைச் சேர்ந்த மூனி 1957-ல் வெளியிட்ட வகை, ஒரு புகைப்படத்தைச் சாம்பல் நிறமே இல்லாமல் வெறும் கறுப்புத் திட்டும் வெள்ளைத் திட்டுமாக மாற்றியது. முதலில் பார்த்தால் சுவரில் மை கொட்டிய மாதிரி இருக்கும். அசல் படத்தை ஒருமுறை காட்டிவிட்டு மறுபடி அதே திட்டுகளைக் காட்டினால், முகம் சட்டென்று எழுந்து வரும். அதன்பிறகு நீங்கள் விரும்பினாலும் அதை வெறும் திட்டாகப் பார்க்க முடியாது. தாளில் ஒரு புள்ளிகூட மாறவில்லை என்பதுதான் இதில் முக்கியம். மாறியது மேலேயிருந்து கீழே போன செய்தி.

அடையாளம் தெரியாதவரை எல்லாத் திட்டுப்படங்களும் மூளைக்கு ஏறக்குறைய ஒன்றுபோலவே பதிகின்றன, தெரிந்தபிறகு ஒவ்வொன்றும் தனித்தனியாகப் பதிகிறது என்று அந்த ஸ்கேனில் தெரிந்தது. இந்த மாற்றம் உருவங்களைப் பார்க்கும் மேல் பகுதியிலும் வந்தது, கண் செய்தி முதலில் வந்திறங்கும் கீழ்ப் பகுதியிலும் வந்தது. கெட்டமைன் கொடுத்தவர்களுக்கு மேல் பகுதியில் மாற்றம் அப்படியே இருந்தது, கீழ்ப் பகுதியில் மட்டும் குலைந்தது. கெட்டமைன் அடைப்பது, நரம்புச் செல்லில் செய்தியை வாங்கிக்கொள்ளும் என்எம்டிஏ என்ற ஏற்பியை. அப்படியானால் மேலிருந்து கீழே திரும்பும் செய்தி அந்த ஏற்பி வழியாகப் போகிறது என்று அவர்கள் கருதினார்கள். எனக்கு இந்த ஆய்வு பிடிக்கக் காரணம், "போதையில் எல்லாம் குழம்பும்" என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் போகாமல், குழம்பிய இடத்தை விரல்வைத்துக் காட்டியது.

சரி, உங்கள் மாமாவின் மாத்திரைக்கு வருவோம். பெயர் எழுதவில்லை. நம் பக்கம் தூக்கத்துக்கு என்று புழங்குபவை பெரும்பாலும் அல்பிரசோலம், டயசிபம், லோரசிபம், குளோனசிபம், நைட்ரசிபம் இவற்றில் ஒன்றாக இருக்கும். எல்லாம் ஒரே குடும்பம், மூளையில் காபா என்ற அடக்கும் வேதிப்பொருளின் வேலையைக் கூட்டுபவை. ஒரே குடும்பம் என்பதால் எல்லாம் ஒன்றுதான் என்று கடைக்காரர் மாற்றிக் கொடுப்பார், அது தவறு.

பிரான்சிலும் பெல்ஜியத்திலும் 1990-களில் செய்த சோதனைகளில், உடைந்த கோடுகளால் வரைந்த படங்களைக் காட்டினார்கள். வாளியின் விளிம்பில் கொஞ்சம், கைப்பிடியில் கொஞ்சம், அடியில் கொஞ்சம், நடுவில் இடைவெளி. சாதாரணமாக நம் மூளை இடைவெளியைத் தானே இட்டு நிரப்பி "வாளி" என்று சொல்லிவிடும். லோரசிபம் சாப்பிட்டவர்களுக்கு இந்தத் துண்டுகளை ஒட்டுவது தடுமாறியது. தூக்கக் கலக்கம்தான் காரணம் என்று சொல்லிவிட முடியாது, ஏனென்றால் அதே அளவு கலக்கம் தரும் டயசிபம் இந்த வேலையை அந்த அளவு கெடுக்கவில்லை. லோரசிபத்துக்கு இன்னொரு வினோதமும் உண்டு. ஒருமுறை பார்த்த படத்தை இரண்டாவது முறை நாம் வேகமாக அடையாளம் காண்கிறோமே, நமக்கே தெரியாமல் நடக்கும் அந்தப் பழக்கத்தின் உதவியையும் அது குறைக்கிறது.

இப்போது அந்தப் பாரையை யோசித்துப் பாருங்கள். தரையில் ஊன்றிய இரும்புப் பாரை, மேலே கூர். சுற்றிலும் மட்டைக் குவியல். இருட்டுகிற நேரம், பாதி கம்பி மட்டைக்குப் பின்னால் மறைந்திருக்கும், மீதிப் பாதியில் ஓலை நிழல். உடைந்த கோட்டுப் படத்துக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. பகல் வெளிச்சத்தில் முழுப் பாரையும் தெரியும்போது முன்னே போகும் செய்தியே போதுமானதாக இருந்தது, அதனால்தான் காலையில் எந்தச் சிக்கலும் இல்லை. "சாயங்காலம் மட்டும் ஆகிறது, காலையில் சரியாகிவிடுகிறது" என்பதை வைத்து அவர் நடிக்கிறார் என்று உங்கள் அத்தை சொன்னதாக எழுதியிருந்தீர்கள். நடிப்பு இல்லை. வெளிச்சக் குறைவும் மாத்திரையும் கள்ளும் சேர்ந்து நடத்தும் வேலை.

கள்ளைப் பற்றியும் சொல்லவேண்டும். தமிழ்நாட்டில் 1987 தொடங்கிக் கள்ளுக்குத் தடை, கேரளத்தில் இருக்கும் நம் தாலுகாவில் அனுமதியுண்டு. கோபாலபுரம், வேலந்தாவளம் பக்கம் சாயங்காலம் நின்று பார்த்தால் எல்லை தாண்டி வந்த தமிழ்நாட்டு வண்டிகள் எத்தனை என்று தெரியும். காலையில் சித்தூரிலிருந்து மற்ற மாவட்டங்களுக்கு வண்டி வண்டியாகக் கள்ளு போகிறது. நல்ல கள்ளில் சாராயம் ஏறக்குறைய பியர் அளவுதான். எல்லாக் கடையிலும் கலப்படம் என்று நான் சொல்லவில்லை, நேர்மையாக இறக்கி விற்பவர்கள் நிறைய. ஆனால் கலப்படம் நடக்கும்போது என்ன கலக்கிறார்கள் என்பது மருத்துவ இதழ்களில் பதிவான விஷயம். ஆந்திரா, தெலங்கானாப் பக்கம் டயசிபம், அல்பிரசோலம், குளோரல் ஹைட்ரேட் மூன்றும் கள்ளில் பிடிபட்டிருக்கின்றன. அங்கே கடைகளைத் திடீரென்று மூடியபோது, குடித்துப் பழகியவர்கள் கைநடுக்கம், வலிப்பு, மாயக்காட்சி என்று ஆஸ்பத்திரிகளில் வந்து விழுந்தார்கள். கள்ளுக்கு அப்படி ஆகாது, அதிலிருந்த மாத்திரைக்குத்தான் ஆகும். உங்கள் மாமா வீட்டில் ஒரு மாத்திரைதான் போடுகிறார் என்றாலும், மொத்தம் எத்தனை உள்ளே போகிறது என்பது அவருக்கே தெரியாமல் இருக்கலாம். சாராயமும் இதே காபாவைத்தான் தூண்டுகிறது, அதனால் இரண்டும் சேரும்போது கூட்டலோடு நிற்காது.

வயதும் சேர்கிறது. டயசிபம் ரத்தத்தில் பாதியாகக் குறையவே இளைஞர்களுக்கு ஏறக்குறைய ஒரு நாளாவது ஆகும். ஈரல் அதை உடைத்து உண்டாக்கும் பொருளும் மருந்துதான், அது இன்னும் நீண்டநாள் தங்கும். அறுபது தாண்டியவர் தினமும் ஒன்று போட்டால் நேற்றையது போவதற்குள் இன்றையது வந்து சேரும். ஆரம்பத்தில் ஒத்துக்கொண்ட மாத்திரை பல வாரம் கழித்துக் கோளாறு காட்டுவது இப்படித்தான்.

அடுத்தது ஊமத்தை. மாமாவுக்கும் இதற்கும் தொடர்பு இல்லை என்றே நினைக்கிறேன், ஆனால் நம் ஊரில் வேலியோரம் எங்கும் நிற்கிறது. மூச்சிரைப்புக்கு இலையைப் புகைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள், விதை பார்க்க மிளகாய் விதை மாதிரியே இருக்கும். அதிலுள்ள அட்ரோபின், ஸ்கோபாலமின் எல்லாம் அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருளைத் தடுப்பவை. வெளியிலிருந்து வரும் செய்திக்கு மூளையில் அழுத்தம் கொடுப்பது அசிட்டைல்கோலின்தான். அதைத் தடுத்தால் கண் சொல்வது ஈனக்குரலாகிவிடும், மூளையின் சொந்த யூகம் மட்டும் உரக்கக் கேட்கும். கெட்டமைனுக்கு ஏறக்குறைய நேர்மாறு. அதனால் ஊமத்தை தின்றவர் "இது என்ன" என்று விழிக்கமாட்டார். தூணை மச்சான் என்று நினைத்து அதோடு பேசுவார், உண்மை மச்சான் வந்து கையைப் பிடித்தால் யாரோ என்று உதறுவார், இல்லாத பீடியைப் பற்றவைத்து இழுப்பார். கண்மணி வேறு அகலமாக விரிந்து, கிட்டத்துப் பொருள் மங்கிவிடும், அது தனிக் கேடு. 1676-ல் அமெரிக்காவில் ஜேம்ஸ்டவுனில் ஆங்கிலேயப் படைவீரர்கள் சிலர் இதைக் கீரையென்று வேகவைத்துத் தின்றுவிட்டு 11 நாள் சித்தம் கலங்கிக் கிடந்தார்கள். தெளிந்தபிறகு நடந்தது எதுவும் அவர்களுக்கு நினைவில்லை என்று ஒரு பழைய வரலாற்றுக் குறிப்பு சொல்கிறது.

இதே காட்சியை ஊமத்தை இல்லாமலும் நம் பக்கத்து ஆஸ்பத்திரியில் பார்க்கலாம். பூச்சிமருந்து குடித்தவருக்கு உயிர்காக்கும் மருந்தே அட்ரோபின்தான், ஊசி ஊசியாகப் போகும். அளவு சற்று ஏறினால் நோயாளி போர்வையைப் பிய்ப்பார், காற்றில் நூல் பொறுக்குவார், பெற்ற மகளைப் பார்த்து யாரென்பார். விஷம் தலைக்கேறிவிட்டது என்று வீட்டார் பதறுவார்கள். பெரும்பாலும் அது மருந்தின் வேலை, அளவைச் சரிப்படுத்தினால் தெளிந்துவிடும். மனநோய் மாத்திரையோடு கை இறுக்கத்துக்குக் கொடுக்கும் டிரைஹெக்சிபெனிடில், சளிக்கு வாங்கும் டைபென்ஹைட்ரமின், கண் டாக்டர் கண்மணியை விரிக்கப் போடும் அட்ரோபின் சொட்டு, எல்லாம் இதே வகை. சொட்டு மருந்துகூட மூக்கு வழியாக ரத்தத்துக்குப் போய் வயதானவரைக் குழப்பிவிடும் என்பதைப் பலர் நம்பமாட்டார்கள். மாமாவிடம் சளி மாத்திரை சாப்பிட்டாரா என்று அவசியம் கேளுங்கள்.

கஞ்சாவில் நடப்பது வேறு மாதிரி. புது வீட்டில் கட்டுகிற திருஷ்டி முகமூடியைக் கழற்றி, அதன் குழிந்த பின்பக்கத்தைச் சற்றுத் தள்ளி நின்று பாருங்கள். குழி என்று தெரிந்தும் முகம் புடைத்துத்தான் தெரியும். "முகம் என்றால் மூக்கு வெளியேதான் இருக்கும்" என்ற மூளையின் பிடிவாதம் அது. 1991-ல் ஜெர்மனியில் கஞ்சா உட்கொண்டவர்களிடம் இதுபோன்ற தலைகீழ் ஆழப் படங்களைக் காட்டியபோது, அவர்கள் குழியைக் குழியாகவே பார்க்கும் போக்குத் தெரிந்தது. மனச்சிதைவு நோயாளிகளிடமும் இதே முடிவு வந்திருக்கிறது. கஞ்சா பார்வையைக் கூர்மையாக்குகிறது என்று இதைக் காட்டிப் பேசுபவர்கள் உண்டு. வெட்டிப்பேச்சு. மேலிருந்து வரவேண்டிய அனுபவ அறிவு தளர்ந்துவிட்டது என்பதே அதன் பொருள், ராத்திரி ரோட்டில் அரைகுறையாகத் தெரியும் மாட்டை மாடு என்று ஊகிக்க உதவுவதும் அதே அறிவுதான்.

எல்எஸ்டி, மேஜிக் காளான் வகைகளைப் பற்றி இங்கே அதிகம் சொல்லத் தேவையில்லை. அவை செரட்டோனின் என்ற மூளை வேதிப்பொருளின் ஏற்பியில் வேலை செய்பவை. பொருள் பொதுவாகத் தெரியும், ஆனால் அலையும், மூச்சுவிடும், முகம் கோரமாகும். எல்எஸ்டியைக் கண்டுபிடித்த ஹாஃப்மனுக்கே 1943-ல் முதன்முறை சாப்பிட்ட நாளில், பால் கொண்டுவந்த பக்கத்து வீட்டம்மா வண்ண முகமூடி போட்ட சூனியக்காரியாகத் தெரிந்தார். சிலருக்கு மருந்து போனபிறகும் மாதக்கணக்கில் இப்படிக் காட்சிகள் மிச்சமிருப்பதுண்டு.

இனி நிஜமாகவே பயப்படவேண்டியவை. மெத்தனால் கலந்த சாராயம் குடித்தால் அரை நாளோ ஒரு நாளோ கழித்து எல்லாம் வெள்ளைப் புகையாகத் தெரியும். இது மூளையின் அடையாளக் கோளாறில்லை, கண் நரம்பே வேகிறது. 1982-ல் கொச்சிப் பக்கத்து வைப்பினிலும் 2024-ல் கள்ளக்குறிச்சியிலும் நடந்த சாவுகள் நமக்குத் தெரியும். ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்கக் கூடாது. இரண்டாவது, நாள்பட்டுக் குடித்துச் சரியாகச் சாப்பிடாதவருக்குத் தயாமின் என்ற வைட்டமின் குறைந்து வரும் வெர்னிக்கே என்ற மூளைக் கோளாறு. குழப்பம், நடையில் தள்ளாட்டம், விழி ஆடுவது அல்லது பொருள் இரண்டாகத் தெரிவது, இவற்றில் இரண்டு சேர்ந்திருந்தாலே அன்றே ஆஸ்பத்திரி. குடிப்பழக்கம் உண்டு என்பதைச் சொல்லிவிடுங்கள், குளுக்கோஸ் ஏற்றுவதோடு நிறுத்தாமல் தயாமினும் போடவேண்டும் என்று அவர்களுக்குப் புரியும். மூன்றாவது பக்கவாதம். திடீரென்று ஒரு பக்கம் பார்வை போவது, வாய் கோணுவது, கை தளர்வது இருந்தால் மாத்திரையைக் குறைசொல்லிக்கொண்டு உட்கார வேண்டாம்.

இவை எதுவும் இல்லையென்றால் வீட்டிலேயே கொஞ்சம் பார்க்கலாம். பகலில் நல்ல வெளிச்சத்தில் ஒருமுறை, சாயங்காலம் அதே இடத்தில் ஒருமுறை. சாவி, பாக்குவெட்டி, கரண்டி, தீப்பெட்டி, ஸ்பேனர் என்று கொஞ்சம் சாமான்களை ஒவ்வொன்றாகத் தள்ளிவைத்துக் காட்டுங்கள். தொடவிடாதீர்கள், சத்தம் வரவிடாதீர்கள். பெயர் வரவில்லையென்றால் "இதை வெச்சு என்ன செய்வீங்க?" என்று கேளுங்கள். கையால் பாக்கு வெட்டிக் காட்டினால் பொருள் தெரிகிறது, பெயர்தான் வரவில்லை. அதுவும் தெரியவில்லையென்றால் கண்ணை மூடச்சொல்லி அதைக் கையில் கொடுங்கள். இரண்டு பிடியையும் தடவி, ஒருமுறை அழுத்தி, அலகு சேரும் இடத்தை விரலால் நெருடியதும் "அட, பாக்குவெட்டி" என்றால், பொருளறிவு உள்ளே பத்திரமாக இருக்கிறது, பார்வை வழியாக அதை எட்டமுடியவில்லை என்று பொருள். கையில் கொடுத்தும் தெரியாமல், இன்றைக்கு என்ன கிழமை என்பதும் குழம்பினால் அது பார்வைச் சிக்கலைத் தாண்டிய மொத்தக் குழப்பம். அப்புறம் வாளிப் படம் ஒன்றைப் பார்த்து வரையச் சொல்லுங்கள், லிசாவர் சொன்ன இரண்டு வகையில் எது என்று அதில் தெரியும். முடிவுகளை நேரம் போட்டு எழுதிவையுங்கள், மாத்திரை போட்ட நேரத்தையும் கள்ளு குடித்த நேரத்தையும் பக்கத்தில் குறியுங்கள். பாலக்காட்டில் மலையாளத்தில் சோதித்தால், தமிழில் கேட்கச் சொல்லத் தயங்காதீர்கள். மொழி தெரியாமல் போன பதில், நோயால் போன பதிலாகப் பதிவாகிவிடும்.

பகலில், மருந்தும் கள்ளும் உடம்பில் குறைந்த நேரத்திலும் இப்படி நடந்தால் கணக்கு மாறுகிறது. கண்ணெதிரே குழந்தைகள், நாய், பூனை என்று தெளிவாகத் தெரிகிறது என்கிறார், நடை மெதுவாகியிருக்கிறது, தூக்கத்தில் கை காலை வீசுகிறார் என்றால் லூயி பாடி என்ற மறதிநோயை யோசிக்கவேண்டும். அந்த நோயில் அசிட்டைல்கோலின் ஏற்கெனவே குறைவு, மேலே சொன்ன, அதைத் தடுக்கும் மருந்துகள் பட்டால் ஒரே நாளில் மோசமாகும். நரம்பியல் மருத்துவரிடம் போங்கள், எல்லா மாத்திரை அட்டைகளையும், சளி மாத்திரை உட்பட, ஒரு பையில் போட்டு எடுத்துப்போங்கள்.

ஒன்றை மட்டும் செய்யாதீர்கள். பயந்துபோய் மாத்திரையை நாளைக்கே நிறுத்தாதீர்கள். மாதக்கணக்கில் போட்டவர் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம், கள்ளையும் அதே நாளில் நிறுத்தினால் ஆபத்து இரட்டிப்பு. வாரங்களில், சிலருக்கு மாதங்களில், சிறிது சிறிதாகக் குறைக்கவேண்டும், அதை மருத்துவர் கணக்குப்போட்டுத் தருவார். மாத்திரையோடு கள்ளு வேண்டாம் என்று மாமாவிடம் சொல்வது கடினம் என்று எனக்குத் தெரியும். முதலில் இரண்டுக்கும் இடையிலாவது இடைவெளி விடலாமே என்று கேட்பார், டயசிபம் போல நீண்டநேரம் தங்கும் மாத்திரைக்கு அந்தக் கணக்கு செல்லாது. நேரில் போகும் முன் பேசிப்பார்க்க வேண்டுமென்றால் 14416 என்ற டெலி மனஸ் எண்ணில் தமிழிலேயே பேசலாம், காசு கிடையாது.

டிவிஎஸ் விஷயம்: இப்போதைக்கு ஓட்டக்கூடாது, பகலிலும் கூடாது. சாலையில் பாதி மறைந்த பொருள்கள்தான் அதிகம், லாரிக்குப் பின்னாலிருந்து எட்டிப்பார்க்கும் சைக்கிள், லைட் இல்லாத டிராக்டர் டிரெய்லர். மாமா போன்றவர்களுக்குத் தடுமாறுவது அதில்தான். மாத்திரை குறைந்து, சாயங்காலச் சோதனையிலும் அந்தச் சாமான்கள் எல்லாம் சட்டென்று தெரிய ஆரம்பித்தபிறகு, மருத்துவரிடம் கேட்டுவிட்டுச் சாவியைக் கொடுங்கள். தென்னை ஏறுகிற வேலைக்கும் இதே விதி. தேங்காய் உரிப்பதைப் பகலில் செய்யலாம், பாரைக்குப் பின்னால் ஒரு லைட்டையும் போட்டுவிடுங்கள்.